‘ஃபாஸ்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருள் வரலாறு

ஒரு சொல் பல பொருள் தருதல் எல்லா மொழிக்கும் இயல்பு. அத்தகைய சொற்களை வினை வேறுபடும் பலபொருளொருசொல், வினை வேறுபடாப் பலபொருளொருசொல் எனத் தொல்காப்பியர் கிளவியாக்கத்துள் இருவகைப்படுத்தியமை தமிழ் கற்றார் அறிந்ததே. முன்னதன் பொருளைத் தெளிதற்கு வினை, இனம், சார்பு என்னும் மூன்றையும் அவர் கருவியாகக் காட்டினார். மா பூத்தது என்றவிடத்து மரமும், மா ஓடிற்று என்றவிடத்து விலங்கும் வினையாற் புலப்படும். இக்கருவிகள் தமிழ்ச் சொற்கென வகுக்கப்பட்டன வாயினும் பிறமொழிச் சொற்களையும் அளக்க வல்லன. நாள்தோறும் நம் செவியிற் படும் ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டு, இக்கருவிகள் அதன்கண் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அச்சொல் ‘ஃபாஸ்ட்’ என்பது.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது மில்டன் பாவில் ஓரிடம். 1667ஆம் ஆண்டு வெளிவந்த ‘துறக்க நீக்கம்’ என்னும் பெருங்காப்பியத்தின் முதற் பகுதியில், தெய்வக் கலைமகளை விளிக்கும் புலவர், அவள் விரும்பி உறையும் இடங்களுள் ஒன்றாகச் சீலோவா என்னும் ஓடையைக் கூறுகின்றார். அவ்வோடை இறைவன் திருக்கோயிலுக்கு ‘ஃபாஸ்ட் பை’ ஓடிற்று என்பது அவர் வாக்கு. இக்கால ஆங்கிலம் பயின்ற மாணவர் இதனை ‘விரைந்து கடந்து ஓடிற்று’ என்று கொள்ளுதல் மிக எளிது. ஓடை, ஓடுதல், விரைவு என்னும் மூன்றும் தம்முள் இனிது பொருந்துகின்றன. வினையும் இனமும் ஒருங்கே துணை நிற்கின்றன. ஆயினும் அப்பொருள் தவறு. ஏன் தவறு என்பதை இக்கட்டுரையின் இறுதியிற் காட்டுவோம். அதற்குமுன் இச்சொல்லின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

இற்றை ஆங்கிலத்தில் இச்சொல் தரும் பொருள்களை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு வியப்பே மிகும். விரைந்து ஓடுதலும் ஃபாஸ்ட்; அசையாது நிற்றலும் ஃபாஸ்ட். கதவு இறுகச் சாத்தியிருந்தால் அதுவும், நண்பன் பிரியாது ஒன்றியிருந்தால் அதுவும், துணியின் சாயம் துவைத்தாலும் போகாதிருந்தால் அதுவும் அச்சொல்லாலேயே குறிக்கப்படும். ஆழ்ந்த உறக்கத்திற்கும் அஃதே அடை. உண்ணாதிருத்தலும் ஃபாஸ்ட். கடிகாரம் உரிய நேரத்தினும் முந்திக் காட்டினால் அதுவும் ஃபாஸ்ட். நம் நாட்டுப் பேச்சிலும் இச்சொல் இருவேறு வழியாகப் புகுந்துள்ளது. ‘ஃபாஸ்ட்டாக வா’ என்று பிள்ளையை விரைவுபடுத்தும் அன்னையே, மறுநாள் விடியலில் குருதிச் சோதனைக்குச் செல்லும்போது ‘ஃபாஸ்டிங்கில் எடுக்க வேண்டும்’ என்கின்றார். முன்னது விரைவு, பின்னது வெறுவயிறு. இரண்டும் ஒரு சொல்லே என்னும் எண்ணம் அவர்க்கு எழுவதில்லை. ஆங்கிலேயர்க்கும் பெரும்பாலும் எழுவதில்லை.

விரைதலும் அசையாது நிற்றலும் ஒன்றற்கொன்று மாறானவை. மாறான இரு பொருளை ஒரு சொல் தாங்குமாறு எங்ஙனம்? ஒலியொப்புமை உடைய இருவேறு சொற்கள் காலப்போக்கில் ஒன்றாய்க் கலந்தனவோ எனின், அன்று. வரலாற்று முறையில் சொற்பொருளை நிரல்படுத்திக் காட்டும் ஆக்சுபோர்டு பேரகராதி, 1884இல் முதற்பகுதி வெளிவந்து 1928இல் முற்றுப்பெற்றது. அதன் வழி நின்று பார்த்தால், இப்பொருள்கள் யாவும் ஒரு வேரிலிருந்து கிளைத்தவை என்பது தெளிவாகும். சொற்பொருளின் காரணம் கண்டவுடன் விளங்கித் தோன்றாது என்று உரியியலில் ஆசிரியர் கூறியது இவ்வாங்கிலச் சொல்லுக்கும் ஒக்கும்.

பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் ‘ஃபாஸ்ட்’ என்பதற்கு அணித்தானதே. பொருள் ‘உறுதியான, திண்ணிய, அசையாத’ என்பது. வினையடையாக வரும்போது ஈற்றில் ஓர் உயிர் மிக்கு ‘உறுதியாக, இறுக’ எனப் பொருள் தந்தது. இனமொழிகள் யாவும் இம்முதற்பொருளையே போற்றுகின்றன. செருமானியத்தில் ‘ஃபெஸ்ட்’ என்பதும் ஒல்லாந்தத்தில் ‘வாஸ்ட்’ என்பதும் திண்மையையே குறிக்கும். சுவீடிய மொழியிலும் அவ்வாறே. அம்மொழிகள் எவற்றிலும் அவ்வடைச்சொல்லுக்கு இன்று விரைவுப் பொருள் இல்லை. ஆதலின் திண்மையே முதற்பொருள் என்பதும், விரைவு ஆங்கிலத்தில் பின்னர்த் தோன்றியது என்பதும் ஒருதலை.

இனித் திண்மை விரைவானவாறு காண்போம். இதனை வினையடையின் வழியே தேடுதல் வேண்டும். பெயரடையின் வழியே தேடின் காணக் கிடையாது. ‘இறுகப் பிடி’, ‘இறுகக் கட்டு’ என்றாங்கு வந்த அடை, பிடித்தலும் கட்டுதலும் அல்லாத வினைகளோடும் சேரத் தொடங்கிற்று. இறுகப் பிடிப்பவன் தன் வலிமுழுதும் செலுத்துகின்றான் ஆதலின், ‘இறுக’ என்பது ‘வலிந்து, முழுமுயற்சியோடு’ என விரிந்தது. பழைய நார்வே மொழியில் மிகுதியாகக் குடித்தலை இவ்வடையாற் கூறுவது இந்நிலையைக் காட்டும். முழுவலியோடு அடித்தல் வன்மையாக அடித்தல். முழுவலியோடு ஓடுதலோ விரைந்து ஓடுதலே யாகும். ஓட்டத்தில் வலி என்பது விரைவன்றி வேறில்லை. இங்ஙனம் ‘ஓடு’ முதலிய வினைகளோடு அடுத்து நின்ற இடத்தில், அடையின் பொருள் தானே சாய்ந்தது. இம்மாற்றம் 13ஆம் நூற்றாண்டு அளவில் நிகழ்ந்தது. ‘விரைவான’ எனப் பெயருக்கு அடையாகும் வழக்கு அதற்கும் நெடுங்காலம் பின்னர், 16ஆம் நூற்றாண்டிலேதான் காணப்படுகின்றது. ஓடுபவனை ஃபாஸ்ட் என்பதற்கு முன்னூறு ஆண்டுகட்கு முன்னரே ஓட்டத்தை அவ்வாறு கூறினர் என்க.

இது தனித்த ஒரு விளையாட்டன்று என்பதற்கு ஆங்கிலத்திலேயே மற்றொரு சான்றுண்டு. ‘ஹார்டு’ என்பது கடினம் எனப் பொருள்படும். அதுவும் ஓடுதல் வினையோடு சேர்ந்து விரைவைக் குறிக்கும். ‘பை’ என்னும் இடைச்சொல்லோடு சேர்ந்து அண்மையைக் குறிக்கும். ஃபாஸ்ட் சென்ற வழியே ஹார்டும் சென்றுள்ளது. திண்மைப் பொருள் உடைய சொற்கள் இவ்வழியே செல்லும் இயல்பின என்று கொள்ளலாம்.

தமிழ் அறிந்தார்க்கு இவ்விடத்துக் ‘கடு’ என்னும் அடி நினைவிற்கு வருதல் இயல்பு. கடுமை வன்மையைக் குறிக்கும். கடுகுதல் விரைதலைக் குறிக்கும். கடிது என்பது விரைவாக எனப் பொருள்படும். சங்கச் செய்யுளிற் பயிலும் கடும்பரி என்பது விரைந்த ஓட்டத்தை உணர்த்தும். இதனினும் வியத்தற்குரியது கடி என்னும் உரிச்சொல். இதற்கு வரைவு, கூர்மை, காப்பு, புதுமை, விரைவு, விளக்கம், மிகுதி, சிறப்பு, அச்சம், முன்தேற்று எனப் பத்துப் பொருள் வகுத்து, ஐயமும் கரிப்பும் மேலும் உரியவாம் என்கின்றார் தொல்காப்பியர். காப்பும் விரைவும் ஒரே நிரலில் நிற்கின்றன. கடிமரம் காவல்மரம், கடிநகர் காவலையுடைய நகர். அசையாது காத்து நிற்பதும் கடி, விரைந்து செல்வதும் கடி. புறநானூற்று 9ஆம் பாட்டில், அம்பை விரைந்து விடப்போவதாக அறிவித்து, தீங்கு செய்யத் தகாதாரை அரண் சேருமாறு கூறும் அறநெறி வருகின்றது. ஆண்டு விரைவைக் குறிக்கும் சொல் கடி. அக்கருத்தை ஆங்கிலத்தில் எழுதப் புகுவார், விரைவிற்கு ஃபாஸ்ட் எனவும் அரணுக்கு ‘ஃபாஸ்ட்னஸ்’ எனவும் ஒரே அடியிலிருந்து இரு சொற்களைப் பெறக்கூடும். இது தற்செயலான பொருத்தமே, ஆயினும் சுவையுடைத்து.

கடியும் ஃபாஸ்ட்டும் ஓரினச் சொற்கள் என்பது எம் கருத்தன்று. ஒலிசிறிது ஒத்த மாத்திரையானே இருமொழிச் சொற்களை உறவாக்கும் முறை ஆராய்ச்சிக்குத் துணையாகாது. ஈண்டோ ஒலியொப்புமை தானும் இல்லை. தொடர்பில்லாத இரு மொழிகளில் பொருள்கள் ஒத்த தடத்திற் செல்கின்றன என்பதே எம் கூற்று. உறவில்லாமையே இவ்வொப்புமைக்கு வலி சேர்க்கின்றது. கடன் கொண்டதும் அன்று, பொது முன்னோரிடத்துப் பெற்றதும் அன்று எனின், மக்கள் எண்ணும் முறையிலேயே அத்தடம் அமைந்துள்ளது எனல் வேண்டும்.

அண்மைப் பொருளை இனி நோக்குக. இறுக ஒட்டியது அருகில் உள்ளது. ஆதலின் ‘ஃபாஸ்ட் பை’ என்பது ‘மிக அருகே, ஒட்டி’ எனப் பொருள்பட்டது. 14ஆம் நூற்றாண்டில் சாசர், காண்டர்பரிக் கதைகளின் பாயிரத்தில், வழிச்செல்வோர் கூடிய விடுதி மற்றொரு விடுதிக்கு ‘ஃபாஸ்ட் பை’ இருந்தது என்கின்றார். விடுதிகள் ஓடா, ஆதலின் ஐயத்திற்கு இடமில்லை. 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்தில், ரூத் நூலின் 2ஆம் அதிகாரத்துள், கதிர் பொறுக்க வந்த பெண்ணைத் தன் பணிப்பெண்களை ஒட்டியே இருக்குமாறு போவாசு கூறுமிடத்தும் இவ்வழக்கே வருகின்றது. அந்நூலிலேயே யோனா கப்பலின் அடித்தளத்தில் அயர்ந்து உறங்கியதைக் கூறவும் ஃபாஸ்ட் பயன்படுகின்றது. உறக்கம் ஒருவனை இறுகப் பிணித்துக்கொண்டது என்பது அவ்வழக்கின் உட்கருத்து. ‘உறக்கம் ஆட்கொண்டது’ என்று நாம் கூறுவதும் ஏறக்குறைய அதுவே.

செருமானியர் இச்சொல்லை மற்றொரு பக்கம் ஈர்த்துச் சென்றனர். அவர்தம் மொழியில் பெயரடை ‘ஃபெஸ்ட்’ எனத் திரிய, பழைய வினையடை ‘ஃபாஸ்ட்’ எனவே நின்றது. 16ஆம் நூற்றாண்டில் லூதரின் விவிலியத்தில் அது ‘மிகவும்’ எனப் பொருள்படும். இன்றோ ‘ஏறத்தாழ’ என்பதே பொருள். இறுக என்பது மிகவும் ஆகி, மிகவும் என்பது ஓர் எல்லையை ஒட்டி நிற்றலாகி, எல்லையைத் தொடாமை என முடிந்தது. இன்றைய செருமானிய மாணவர் லூதரைப் படிக்கும்போது இடறுவதும், ஆங்கில மாணவர் மில்டனைப் படிக்கும்போது இடறுவதும் ஒரே கல்லில்தான். ஹார்டு என்பதும் ‘ஹார்ட்லி’ என நீண்டு, முன்னர் ‘வலிமையோடு’ எனவும் பின்னர் ‘அரிதாக, இல்லை எனத்தக்க அளவில்’ எனவும் ஆயினமை இதனோடு ஒப்பிடத்தக்கது.

உண்ணாநோன்பு என்னும் பொருளே பலர்க்கும் தொடர்பற்றதாய்த் தோன்றுவது. சில சிற்றகராதிகள் இதனை வேறு சொல்லாகவே எண்ணிட்டுப் பிரித்துவைக்கின்றன. பயில்வோர் வசதிக்கு அது பொருந்தலாம், வரலாற்றிற்குப் பொருந்தாது. 4ஆம் நூற்றாண்டில் வுல்பிலா என்னும் சமயத் தலைவர் விவிலியத்தைக் கோதிய மொழியிற் பெயர்த்தார். அம்மொழியில் ‘ஃபாஸ்தன்’ என்னும் வினை பிடித்தல், காத்தல், கடைப்பிடித்தல் எனப் பொருள்படும்; உண்ணாதிருத்தலையும் அச்சொல்லே குறிக்கும். கட்டளையைக் காத்தல், நெறியை இறுகப் பற்றுதல், அந்நெறியின் பகுதியாகிய உண்ணாமையைக் கடைப்பிடித்தல் எனப் பொருள் படிப்படியாகச் சுருங்கிற்று. சமயத்தோடு இவ்வழக்கும் செருமானிய இனமொழிகளில் பரவியது. அவற்றிலிருந்து சிலாவிய மொழிகளும் கடன் கொண்டன. உருசிய மொழியில் நோன்பைக் குறிக்கும் ‘போஸ்து’ என்பது இச்சொல்லே. முற்காலச் சிலாவியத்தில் ஃபகர ஒலி இல்லாமையால் அது பகரமாயிற்று. தமிழர் ‘காபி’ என்று ஒலிப்பது போன்றது அது.

இவ்விடத்தில் தமிழ் தரும் துணை மிகப் பெரிது. உண்ணாவிரதத்தைக் குறிக்க நம்மிடம் உள்ள பழஞ்சொல் நோன்பு. அதன் அடி நோல். பொறுத்தல், தாங்குதல் என்பது பொருள். அவ்வடியோடு சார்ந்தது நோன்மை. நோன்மைக்கு வலிமை, பொறுமை, தவம் எனப் பல பொருளும் உண்டு. நோன்றாள் என்பது வலிய தாள். உற்ற துன்பத்தைப் பொறுத்தலைத் தவத்தின் வடிவாகக் கூறும் வள்ளுவர் அதற்கு ‘நோன்றல்’ என்னும் சொல்லை ஆளுகின்றார். ஆகவே திண்மை ஒருபுறமும் உண்ணாமை மறுபுறமுமாக, ஆங்கிலத்தில் ஃபாஸ்ட் நிற்கும் அதே நிலையில் தமிழில் நோன் என்னும் அடி நிற்கின்றது. விரைவுப் பொருள் ஒன்றே அதற்கில்லை. அதனைக் கடி ஏற்றுக்கொண்டது.

வழக்காறுகளும் இதனை உறுதிப்படுத்தும். தமிழ் முசுலிம்கள் நோன்பு பிடித்தல் என்பர். மாலையில் நோன்பு திறத்தல் என்பர். பிடித்தல் என்னும் வினை கோதிய மொழி வினையின் நேர் பொருளாதல் காண்க. அம்மன் விழாக்களில் விரதம் மேற்கொள்வார் முதற்கண் கையிற் காப்புக் கட்டிக்கொள்கின்றனர். கட்டுதலும் காத்தலும் நோன்பும் ஆண்டு ஒரு நிகழ்ச்சியாய் இணைகின்றன. ஆங்கிலர் நோன்பை ‘உடைப்பர்’. காலையுணவைக் குறிக்கும் ‘பிரேக்ஃபாஸ்ட்’ என்பது இரவு முழுதும் உண்ணாதிருந்ததை உடைத்தல் என்னும் பொருட்டே. ஒலிப்பு மாறிவிட்டமையின் அதனுள் இச்சொல் இருத்தலை ஆங்கிலச் சிறார் உணர்வதில்லை.

இவ்வாறு மறைந்து வாழும் இடங்கள் இன்னும் உள. இறுகப் பூட்டுதலைக் குறிக்கும் ‘ஃபாஸன்’ என்பதில் எழுத்தளவில் டகரம் உண்டு, ஒலியளவில் இல்லை. ‘ஸ்டெட்ஃபாஸ்ட்’ என்பதில் உறுதிப்பொருள் பழுதுறாது நிற்கின்றது. நோயாற் படுக்கையிற் கிடப்பாரைப் ‘பெட்ஃபாஸ்ட்’ என்பது வட இங்கிலாந்து வழக்கு. நாணத்தால் கட்டுண்டவன் என்னும் பொருளுடைய ‘ஷேம்ஃபாஸ்ட்’ என்பதன் பிற்பகுதி 16ஆம் நூற்றாண்டு மக்களுக்கு விளங்காது போகவே, அவர்கள் அதனை முகம் எனப் பொருள்படும் ‘ஃபேஸ்’ என்பதாகக் கொண்டு ‘ஷேம்ஃபேஸ்டு’ என மாற்றிக்கொண்டனர். நாணம் முகத்தில் தோன்றுவதால் அம்மாற்றம் பொருந்தியும் விட்டது! விரைவுப் பொருள் தலையெடுத்துத் திண்மைப் பொருள் பின்னடைந்த காலத்தை இச்சிறு திரிபு நமக்குக் காட்டிக் கொடுக்கின்றது.

மாலுமிகள் வழக்கில் திண்மைப் பொருள் இன்றும் உயிரோடு உள்ளது. கயிற்றை இறுகக் கட்டுதலை அவர்கள் இச்சொல்லாலேயே கூறுவர். மாறாத விதிகளை ‘ஹார்டு அண்டு ஃபாஸ்ட்’ என்பதும் தரைதட்டி அசையாது நின்ற கப்பலைக் குறித்த அவர்தம் தொடரே. சொன்ன சொல்லில் நில்லாது ஏய்ப்பதை ‘ஃபாஸ்ட் அண்டு லூஸ்’ ஆடுதல் என்பர். அது வார் கொண்டு ஆடிய பழைய ஏமாற்று விளையாட்டு. மடித்த வார் இறுகியுள்ளது எனக் காண்போன் பந்தயம் கட்ட, ஆட்டக்காரன் ஓரிழுப்பில் அதனைத் தளர்த்திக் காட்டுவான். செகப்பிரியரின் ‘அந்தோணியும் கிளியோபாத்திராவும்’ நாடகத்தில் இவ்விளையாட்டுச் சுட்டப்படுகின்றது. இதில் விரைவுக்கு வேலையில்லை.

கடிகாரம், கட்டுப்பாடற்ற வாழ்க்கை, விரைவுணவு ஆகியன விரைவுப் பொருளின் கிளைகள். அவற்றை விரித்தல் வேண்டா. துடுப்பாட்டத்தில் ‘ஃபாஸ்ட் பிட்ச்’ என்பது மட்டும் ஒரு சொல் கூறத்தக்கது. ஆடுகளம் ஓடுவதில்லை, பந்தை விரைந்து எழச் செய்வதால் அப்பெயர் பெற்றது. அங்ஙனம் செய்வது பெரும்பாலும் அதன் இறுக்கமே. மறந்துபோன பழம்பொருள் அங்கே நிலத்தடியிற் கிடக்கின்றது எனலாம்.

அறிவியற் சொல்லாக்கத்தில் இப்பொருள் வேறுபாடு வெறுஞ்சுவையாய் நின்றுவிடாது, உண்மையான இடர்ப்பாடாகின்றது. சாயத்தைப் பற்றிய வழக்கில் தமிழ் நெசவாளரும் வணிகரும் நமக்கு நல்ல சொல்லை முன்னரே தந்துள்ளனர்: கெட்டிச் சாயம். ஆங்கிலச் சொல்லின் முதற்பொருளை இதனினும் செவ்வையாகப் பெயர்த்தல் அரிது. 1882இல் இராபர்ட்டு காக் காசநோய் நுண்ணுயிரைக் கண்டறிந்தார். அந்நுண்ணுயிர் ஏற்ற சாயம் அமிலத்தால் கழுவினும் நீங்குவதில்லை என்பதை அவ்வாண்டிலேயே எர்லிக் கண்டார். அவ்வியல்பை ஆங்கிலர் ‘ஆசிட் ஃபாஸ்ட்’ என்றனர். இதற்கு விரைவோடு எவ்வகைத் தொடர்பும் இல்லை. செருமானியச் சொல்லில் ‘ஃபெஸ்ட்’ என்றே இருத்தல் அதனைக் காட்டும். ‘அமிலத்திற்கு நீங்காத’ என்றோ, நெசவாளர் வழிநின்று ‘அமிலக்கெட்டி’ என்றோ கூறின் பொருள் தெளிவாம்.

மறுதலையான சிக்கல் ஒன்றும் உண்டு. கற்பாக்கத்தில் 1985ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய ஆய்வு அணுவுலை ‘ஃபாஸ்ட் பிரீடர்’ வகையினது. இதனைத் தமிழில் வேக ஈனுலை, அதிவேக ஈனுலை என வழங்குவர. படிப்போர் ‘எரிபொருளை விரைவாக ஈனும் உலை’ எனவே கொள்வர். உண்மை அஃதன்று. ஃபாஸ்ட் என்னும் அடை ஈனுதலோடு சேராது. அணுவைப் பிளக்கும் நியூட்ரான்களோடு சேரும். பிறவகை உலைகளில் நீர் முதலிய தணிப்பான்களால் நியூட்ரான்களின் வேகம் குறைக்கப்படும். இவ்வகையில் அங்ஙனம் குறைக்கப்படாது வேக நியூட்ரான்களே பிளவை நிகழ்த்தும். குளிர்விக்க நீருக்கு மாறாக உருகிய சோடியத்தைக் கொள்வதும் அதனாலேயே. ஈண்டுச் சொற்பொருள் விரைவு என்பது சரியே. அவ்விரைவு எதற்கு உரியது என்பதிலேயே பிழை நேர்கின்றது. தொகையுள் நியூட்ரான் என்னும் சொல் தொக்கு நின்றமை இதன் காரணம். ‘வேக நியூட்ரான் ஈனுலை’ என விரித்தால் சொல் நீளும்; ஆயினும் மாணவர் மயங்கார்.

அமிலக்கெட்டியில் பொருளே மாறுகின்றது. ஈனுலையில் அடை சேரும் இடம் மாறுகின்றது. முன்னதனை இனத்தாலும் பின்னதனைச் சார்பாலும் தெளியலாம். ‘நில்’, ‘பிடி’, ‘கட்டு’ என்பவற்றோடு வந்தால் திண்மை, ‘ஓடு’, ‘செல்’ என்பவற்றோடு வந்தால் விரைவு என வினையாற் பிரிப்பது பொதுவிதி. பெரும்பாலான இடங்களுக்கு அது போதும். செகப்பிரியரின் ‘ஆம்லெத்’ நாடகத்தில், தந்தையின் ஆவி பகற்பொழுதில் தீயினுள் அடைபட்டு ‘ஃபாஸ்ட்’ செய்ய விதிக்கப்பட்டதாகக் கூறும் இடத்தில், அடைபடுதல் என்னும் வினையைக் கண்டு ‘இறுக’ எனக் கொள்வாரும் இருக்கலாம். ஆண்டு அச்சொல் தானே வினையாய் நின்று, உண்ணாது தவங்கிடத்தலைக் குறிக்கின்றது. பழிநீங்கத் தூய்மை பெறும் உயிரைப் பற்றிய பேச்சு என்னும் சார்பு அதனைத் துணிவிக்கும்.

இனி மில்டனிடம் மீள்வோம். அங்கே வினை ஓடுதல், இனம் ஓடை. இரண்டும் விரைவையே சுட்டுகின்றன. எனினும் அவர் காப்பியத்தையே சான்றாகக் கொண்டு நோக்குக. இரண்டாம் பகுதியில் நரக வாயிலுக்கு ‘ஃபாஸ்ட் பை’ ஒருத்தி அமர்ந்திருக்கின்றாள். கையில் அவ்வாயிலின் திறவுகோல். அப்பகுதியின் இறுதியில் நம் உலகம் பொற்சங்கிலியில் துறக்கத்திற்கு ‘ஃபாஸ்ட் பை’ தொங்குகின்றது. அமர்தலும் தொங்குதலும் விரைவை ஏலா. ஆகவே மில்டன் இத்தொடரை அண்மைப் பொருளில் ஆளும் வழக்கமுடையவர். முதற் பகுதியில் ‘ஓடிய’ என்னும் வினை ஓரடியின் இறுதியிலும், இத்தொடர் அடுத்த அடியின் முதலிலும் நிற்கின்றன. அடியெல்லையில் சிறிது நின்று படிப்பார்க்கு இத்தொடர் வினையைவிட்டுப் பிரிந்து கோயிலோடு சேர்தல் புலனாகும்.

இதனினும் வலிய சான்று விவிலியத்தில் உள்ளது. ஏசாயா நூலின் 8ஆம் அதிகாரம் 6ஆம் வசனத்தில் இச்சீலோவா நீர் மெல்லென ஓடும் நீராகவே கூறப்படுகின்றது. அந்நூலில் ஆழ்ந்த புலமை உடைய மில்டன், மென்னடைக்குப் பெயர்பெற்ற நீரை விரைந்தோடச் செய்தார் எனல் பொருந்துமாறில்லை. வினையும் இனமும் ஒருவழிப்பட்டுத் தவறான பொருளைக் காட்ட, சார்பு ஒன்றே தனிநின்று உண்மையைக் காட்டுகின்றது. அச்சார்பும் அவ்வடிக்குள் கிடையாது. அப்புலவரின் பிறவிடங்களிலும், அவர் கற்ற நூலிலும், அச்சொல் அக்காலத்துப் பெற்றிருந்த பொருளிலும் தேடி அடையவேண்டியதாயிற்று. ஆதலின் சார்பு என்பதனுள் சொல்லின் காலத்தையும் அடக்கிக்கொள்ளுதல் வேண்டும் என்பது எம் துணிபு. அவ்வடியைத் தமிழாக்குவார் ‘கோயிலின் மருங்கே ஓடிய சீலோவா’ எனலாம்; ‘கோயிலை ஒட்டி ஓடிய’ எனின் இன்னும் நன்று, ஒட்டுதல் என்னும் நம் வினையில் இறுகப் பற்றுதலும் அருகிருத்தலும் ஒருங்கே கிடத்தலின்.